ஜூஜூ இசையை எப்படிக் கேட்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைஜீரியப் பழைய பாடல்களைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அங்கே ஜூஜூ என்ற இசையைப் பாடும் கிங் சன்னி அடேயின் 1982 இசைத்தட்டைக் கேட்டேன். இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது பாட்டு வருவதற்குள் ஒரே இடத்தில் சுற்றுவதுபோல் ஆகிவிடுகிறது. பல்லவி, சரணம் என்று எங்கும் ஏறுவதில்லை. இன்னொரு நைஜீரியப் பாடகரான ஃபெலா குட்டியை எனக்கு உடனே பிடித்துவிட்டது; அவரிடம் கோபம் இருக்கிறது. ஜூஜூ வெறும் விருந்து இசைதானா? பெயரைப் பார்த்தால் பில்லிசூனியமோ என்றும் சந்தேகம். எதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

விருந்து இசைதான். ‘வெறும்’ என்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

முதலில் பெயர். சூனியத்துக்கும் இந்த இசைக்கும் சம்பந்தமில்லை. பெயர் வந்த விதத்துக்குப் பல விளக்கங்கள் உண்டு. தம்பூரின் என்ற கைப்பறையை மேலே வீசிப் பிடிக்கும் வித்தையிலிருந்து வந்தது என்பது அவற்றில் ஒன்று. பெயர் எப்படியோ, ஜூஜூவின் கோரஸ் தேவாலயத்திலிருந்து வந்தது. நீங்கள் கேட்ட இசைத்தட்டில் பின்பாட்டுக்காரர்கள் சேர்ந்திசைக்கும் இடங்களைக் கவனியுங்கள், ஆங்கிலிக்கன் துதிப்பாடலின் சாயல் தெரியும்.

“ஏறுவதில்லை” என்கிறீர்களே, அதற்கான காரணம் மொழியில் இருக்கிறது. ஜூஜூ பாடப்படும் நைஜீரிய மொழியான யோருபாவில் ஒவ்வோர் அசைக்கும் மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதிநிலைகளில் ஒன்று உண்டு. சுருதி மாறினால் பொருளே மாறிவிடும். ‘ஒக்கொ’ என்பதன் இரண்டு அசைகளையும் நடுவில் சொன்னால் கணவன். இரண்டாவது அசை மேலே போனால் மண்வெட்டி, கீழே இறங்கினால் வண்டி. இரண்டுமே கீழே இருந்தால் ஈட்டி. தமிழில் ‘கண்ணா’ என்பதை எந்த ஸ்வரத்தில் பாடினாலும் அது கண்ணாதான். யோருபாப் பாடகருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மிஷனரிகள் ஆங்கில மெட்டுகளில் யோருபாச் சொற்களை அப்படியே பொருத்தியபோது வரிகள் பொருள் சிதைந்து ஒலித்தன. பிறகு லாகோஸ் தேவாலய ஆர்கன் கலைஞர் எக்குண்டாயோ ஃபிலிப்ஸ் போன்றவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி மெட்டமைத்தார்கள். ஜூஜூவின் மெட்டும் பேச்சின் வழியே போவதுதான். உணர்ச்சி பெருகும்போது உச்சஸ்தாயிக்குத் தாவும் திரைப்பாட்டு வழக்கத்தை அங்கே தேடினால் கிடைக்காது.

இந்தப் பேச்சை மனிதர்கள் மட்டும் பேசுவதில்லை, முரசும் பேசுகிறது. பேசும் முரசு நம் உடுக்கையைப் போல இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கிக்கொண்டு, வளைந்த குச்சியால் அடிப்பார்கள். தோல்வார்களை நெருக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அசைகளின் சுருதியையும் நீளத்தையும் மட்டுமே அதனால் சொல்ல முடியும், மெய்யெழுத்துகள் வராது. அதனால் தனிச்சொல்லை அடித்தால் குழப்பம்தான். பழமொழியையோ ஒருவரின் குடிப்பெருமைத் தொடரையோ முழுதாக அடித்தால் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். 1930களில் முன்னோடிப் பாடகர் டுண்டே கிங் பாடிய ஜூஜூவில் இந்த முரசு கிடையாது. சிறிய குழு, கம்பி வாத்தியம், சேக்கரே (பாசிமணி வலை போர்த்திய சுரைக்குடுக்கை), தம்பூரின், அவ்வளவுதான். மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் வந்தபின், 1940களின் இறுதியிலிருந்துதான், முரசுகள் உள்ளே வந்தன. அதற்கு முன் கொண்டுவந்திருந்தால் குரலும் கித்தாரும் அமுங்கிப்போயிருக்கும். மின்சாரம் வந்ததால் இசை மேலும் ஆப்பிரிக்கத்தன்மை பெற்றது என்பது எனக்குத் தீராத வியப்பு.

இனி கேட்கும் முறை. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கித்தாரும் பெரிய முரசும் அதில் காணாமல்போய், சலசலப்பும் மெல்லிய கித்தாரும்தான் மிஞ்சும்; “ஒரே மாதிரி” என்று தோன்றுவதில் பாதி அதனால்தான். ஹெட்ஃபோனில் உங்கள் இசைத்தட்டின் முதல் பாட்டான ‘ஜா ஃபுன்மி’யை நான்கு முறை போடுங்கள். முதல்முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்து சேக்கரே. மூன்றாவது முறை பேசும் முரசு: பாடகர் ஒரு வரியை முடித்ததும் அது அடிப்பதைக் கேளுங்கள். கித்தார்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கித்தார் இரண்டு மூன்று ஸ்வரங்களை விடாமல் சுற்றும், இன்னொன்று முரசைப்போலப் பேசும். இடையில் வழுக்கிச் செல்லும் ஓசை டெமோலா அடெபோஜுவின் பெடல் ஸ்டீல் கித்தார். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டின் அந்த வாத்தியம் இங்கே முற்றிலும் வேறு வேலை செய்கிறது.

காதைப் பழக்க ஒரு பயிற்சியும் சொல்கிறேன். இது அந்தப் பாட்டுக்கானதில்லை. யோருபாத் தாளங்களில் மணி என்னும் தாளக்கருவியில் பரவலாக அடிக்கும் கணக்கு. சீராகப் பன்னிரண்டு வரை எண்ணுங்கள். 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் கைதட்டுங்கள். பழகியதும் 1, 4, 7, 10இல் காலைத் தட்டுங்கள். கையும் காலும் 1இலும் 10இலும் மட்டுமே சேரும். தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். 5, 6 என்று அடுத்தடுத்து வரும் தட்டில் வேகம் கூடிவிடும். 4இலும் 7இலும் கை சும்மா இருக்க முடியாமல் காலோடு சேர்ந்து தட்டிவிடும். அப்போது எண்ணிக்கையை மெதுவாக்குங்கள். எல்லோரும் சமத்தில் வந்து விழுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு, யாரும் ஒன்றாக விழாத இந்தப் பின்னல் முதலில் தடுமாற்றம் தரும்.

சொற்களுக்கு வருகிறேன். ‘ஜா ஃபுன்மி’ என்றால் ‘எனக்காகப் போரிடு’. அழைக்கப்படுவது ‘ஒரி’. தலை என்று பொருள். பிறக்குமுன் ஒருவர் தேர்ந்துகொண்டு வரும் ஊழும் அதுவே. தலையெழுத்து என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் யோருபாக்காரர்கள் தலையை நொந்துகொள்வதில்லை, தமக்காகச் சண்டைபோடச் சொல்லி அதனிடமே வேண்டுகிறார்கள்.

பாட்டு பிறக்கும் விருந்தில் என்ன நடக்கிறது? ஒரே துணியில் தைத்த உடையணிந்து சுற்றமெல்லாம் வந்திருக்கும். பாடகர், விருந்தினர் ஒருவரின் பெயரையும் முன்னோரையும் சொல்லிப் பாடுவார், முரசு அதையே அடிக்கும். அவர் எழுந்து ஆடிவந்து பாடகரின் நெற்றியில் நோட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார். (நைஜீரியப் பணமான நைரா நோட்டை இப்படி வீசுவதும் ஒட்டுவதும் 2007ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டப்படி குற்றம், வழக்கம் நிற்கவில்லை.) அவர் மேடைவரை வந்து ஆடி முடிக்கும்வரை பாட்டு அங்கேயே நிற்க வேண்டும். உங்களுக்குச் சுற்றுவதாகப் பட்டது இந்தக் காத்திருப்புதான். 1970களின் எண்ணெய்ப் பணம் இந்த விருந்துகளைப் பெருக்கியது. அதற்குமுன், 1967இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது நாட்டின் கிழக்கைச் சேர்ந்த, ஹைலைஃப் என்ற நடன இசையின் கலைஞர்கள் பலர் லாகோஸை விட்டுப் போயிருந்தார்கள்; அந்த இடத்தையும் ஜூஜூ பிடித்துக்கொண்டது. அக்கால நைஜீரிய இசைத்தட்டுகளில் ஒரு பக்கம் முழுவதும், ஏறக்குறைய 18 நிமிடம், பாட்டுகள் இடைவெளியின்றி ஓடும். நீங்கள் கேட்டதோ வெளிநாட்டுக் காதுக்காகத் தனித்தனிப் பாட்டுகளாக்கப்பட்டது. இன்னொரு ஜூஜூ பாடகரான எபனேசர் ஓபேயின் 1970களின் தட்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை நிறுத்தாமல் கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

ஃபெலாவை ஜூஜூவுக்கு எதிரே நிறுத்தாதீர்கள். அவர் பாட்டு ‘ஸோம்பி’யும் பன்னிரண்டு நிமிடம் ஒரே இடத்தில்தான் சுற்றுகிறது, அவருடைய டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனின் இரு கைகளும் இரு கால்களும் ஆளுக்கொரு கணக்கைப் பேசுவதால் அலுப்பதில்லை. குரல் சில நிமிடங்கள் கழித்துத்தான் வருகிறது. ஃபெலா, பிட்ஜின் என்ற பேச்சுவழக்கு ஆங்கிலத்தில் பாடியது யோருபா எல்லையைத் தாண்டிப் போக. ஜூஜூ விருந்தினரைப் பெயர்சொல்லி வாழ்த்தியது, ஃபெலா ராணுவத்தைப் பெயர்சொல்லி இடித்துரைத்தார். அதற்கு விலையும் கொடுத்தார்: 1977 பிப்ரவரி 18 அன்று படையினர் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். ஜன்னல் வழியே வீசப்பட்ட அவர் தாய் ஃபுன்மிலாயோ அடுத்த ஆண்டு இறந்தார். ஃபெலாவின் தாத்தா ஒரு பாதிரியார். 1920களில் லண்டனில் யோருபாத் துதிப்பாடல்களை இசைத்தட்டில் பதிந்தவர். ஜூஜூவின் கோரஸ் எங்கிருந்து வந்ததோ, அந்த வீட்டுப் பிள்ளைதான் ஃபெலாவும்.

அடுத்ததாக ஹருனா இஷோலா பாடிய, ஆபாலா என்ற இன்னொரு யோருபா இசைவகைப் பாட்டுகளைக் கேளுங்கள். அதில் மின்கித்தார் கிடையாது. குரல், பேசும் முரசுகள், மணி, சேக்கரே, உலோக நாக்குகளை மீட்டும் அகிடிக்போ என்ற பெட்டி. முரசு வாக்கியமாகப் பேசுவது அங்கேதான் மிகத் துலக்கமாகக் கேட்கும்.

அன்புடன்