கிடார்க் கலைஞர் அல்லாதவர் எழுதிய கிடார் இசை: இசைக் கேள்வி பதில்

கேள்வி: கிடார் கற்றுவரும் என் மகள், ஸ்பெயின் நாட்டு ஹோவாகின் ரோட்ரிகோவின் ‘கொன்சியெர்தோ தெ அரான்ஹுவெஸ்’ என்னும், கிடாரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசையை ஓயாமல் கேட்கிறாள். அதை எழுதியவர் கண்பார்வை இல்லாதவர் என்றும், கிடார்க் கலைஞரே அல்லர் என்றும் சொல்கிறாள். உண்மையா? அப்படியானால் எப்படி எழுதினார்?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: இரண்டுமே உண்மை. வலென்சியாவை அடுத்த சகுந்தோவில் 1901 நவம்பர் 22 அன்று பிறந்த ரோட்ரிகோ, மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோய் கண்டு, ஏறக்குறைய முழுப் பார்வையையும் இழந்தார். சிறு வயதிலேயே பியானோவும் வயலினும் பயின்று, 1927இல் பாரிசுக்குச் சென்று பால் டூகாஸிடம் இசையமைப்புக் கற்றார். அவர் கைதேர்ந்த பியானோக் கலைஞர். கிடார் அவர் வாசித்த வாத்தியம் அன்று.

அவர் எழுதியது பிரெயில் இசைக் குறியீட்டில். பிரெயில் கட்டத்திலுள்ள ஆறு புள்ளிகளில் மேல் நான்கு புள்ளிகள் எந்த ஸ்வரம் என்பதையும், கீழ் இரண்டு புள்ளிகள் அது எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதையும் காட்டும். பார்வையுள்ள இசையமைப்பாளர் பல வாத்தியங்களின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பார்வையில் காண முடியும். விரலால் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இசைக்குழு முழுவதையும் மனத்தில் ஒலிக்கவிட்டே அவர் எழுதியாக வேண்டும். பின்னர் அதை ஸ்வரம் ஸ்வரமாக வாய்விட்டுச் சொல்ல, படியெடுப்பவர் வழக்கமான குறியீட்டில் எழுதிக்கொள்வார். இஸ்தான்புல்லில் பிறந்த பியானோக் கலைஞரான மனைவி விக்டோரியா காம்ஹி இந்த உழைப்பில் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணையாக இருந்தார்.

கிடாரின் ஒலி மென்மையானது. இசைக்குழு சற்று ஓங்கினாலும் அமுங்கிவிடும். இந்தப் படைப்பில் ரோட்ரிகோவின் மேதைமை இந்தச் சிக்கலைத் தீர்த்த விதத்திலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கிடார் பேசும் இடங்களில் ஒன்றிரண்டு வாத்தியங்களை மட்டும் மெல்லிய இழையாக ஓடவிட்டு, முழுக்குழுவின் முழக்கத்தைக் கிடார் ஓய்ந்திருக்கும் இடங்களுக்கென்று ஒதுக்கிவைத்தார். முதல் பகுதியின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். இசைக்குழு கொட்டி முழக்கி வரவில்லை. கிடார்தான் தந்திகளை விரல்களால் வீசி மீட்டித் தொடங்குகிறது. ஆறு எண்ணிக்கை ஒருமுறை மும்மூன்றாகவும் மறுமுறை இரண்டிரண்டாகவும் பிரியும் அந்தத் தாள விளையாட்டைத் தொடையில் தட்டிப் பார்த்தால், ஸ்பானிய நாட்டியத்தின் கால்வீச்சு உங்கள் மகளுக்குப் பிடிபடும்.

கேள்வி: அதே படைப்பின் இரண்டாம் பகுதி, எங்கள் ராயபுரத்தில் புனித வெள்ளியன்று கேட்கும் பாடல்களைப் போல நெஞ்சை உருக்குகிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மாண்டவர்களுக்கான இரங்கல் அது என்கிறார்களே?
(வாசகி, ராயபுரம்)

பதில்: கெர்னிகா நகரின்மீது 1937இல் நடந்த குண்டுவீச்சை நினைத்து எழுதியது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் விக்டோரியா தம் வாழ்க்கை வரலாற்றில் கூறும் காரணம் வேறு. அந்த இசை பாரிசில் 1939இல் உருவானது. அந்தக் காலத்தில்தான் அவர்களுடைய முதல் குழந்தை பிறவாமலே இறந்தது. அந்தத் துயரமும், 1933இல் மணமான புதிதில் இருவரும் ஸ்பெயினிலுள்ள அரான்ஹுவெஸ் என்னும் ஊரின் அரண்மனைத் தோட்டங்களில் உலவிய நாள்களின் நினைவும் அதில் கலந்திருப்பதாக அவர் எழுதியுள்ளார். உடனிருந்தவரின் சொல்லையே நான் ஏற்கிறேன்.

உங்கள் காது கண்டதும் சரியே. ஸ்பெயினின் தென்பகுதியில் புனித வாரப் பவனியின்போது தெருவில் நின்று தனிக்குரலில் பாடும் ‘சாயெத்தா’ என்ற பாடல்வகையின் சாயல் இந்த மெட்டில் இருப்பதை இசையறிஞர்கள் பலர் குறிப்பிட்டுள்ளனர். மெட்டை முதலில் எடுப்பது கிடார் அன்று; நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் ‘கோர் ஆங்லே’ என்னும் குழல். கிடார் அதன் கீழே நிதானமாகச் சுரக்கொத்துகளை மீட்டுகிறது. பிறகு அதே மெட்டைத் தான் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நெளித்தும் சுழித்தும் அழகுபடுத்துகிறது. பார்சிலோனாவில் 1940 நவம்பர் 9 அன்று கிடார்க் கலைஞர் ரெஹீனோ சைன்ஸ் தெ லா மாஸா இதை முதன்முதலில் அரங்கேற்றினார். ஸ்பெயின் மன்னர் 1991இல் ரோட்ரிகோவுக்கு அரான்ஹுவெஸின் பெயராலேயே பிரபுப் பட்டம் வழங்கினார். 1999இல் மறைந்த அவர் அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி: நான் கானாக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். இதை வாசிக்க எங்கிருந்து தொடங்கலாம்?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: முதலில் நைலான் தந்தி போட்ட கிடார் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள், இரும்புத் தந்திக் கிடாரில் இந்த இசைக்குரிய உருண்டையான ஒலி கிடைக்காது. தந்தி மீட்டும் சில்லான பிக்கைக் கீழே வைத்துவிட்டு, வலக்கைக் கட்டைவிரலும் அடுத்த மூன்று விரல்களும் தனித்தனியே இயங்கப் பழக்குங்கள். அதன்பின் மற்றொரு ஸ்பானியரான பிரான்சிஸ்கோ தாரெகாவின் ‘லாக்ரிமா’வை எடுங்கள். ஒரே பக்கத்தில் அடங்கும் அந்தச் சிறு படைப்பின் முதல் பாதி ஈ மேஜரிலும் அடுத்த பாதி ஈ மைனரிலும் அமைந்தவை. மேல் தந்தியில் செல்லும் மெட்டு, கீழே ஒலிக்கும் மந்தர ஸ்வரங்களில் அமுங்காமல் தனித்துக் கேட்க வேண்டும். அது கைவந்த பிறகு ரோட்ரிகோவின் இரண்டாம் பகுதியைத் தொடலாம். அதிலும் முதலில் மெட்டை விட்டுவிட்டு, தொடக்கத்திலுள்ள மீட்டல்களை மட்டும் ஒரே சீராக வாசித்துப் பழகுங்கள்.