எனர்ஜி டிரிங்கும் குடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். டியூஷன் விட்டு வரும்போது தினமும் கையில் ஒரு எனர்ஜி டிரிங்க் பாட்டில். ராத்திரி கண்விழித்துப் படிக்கத்தானே என்று விட்டுவிட்டேன். இதைக் குடிக்கும் பிள்ளைகள் பின்னால் மதுவுக்குப் போகிறார்கள் என்று ஏதோ ஆய்வில் வந்திருப்பதாகத் தம்பி சொல்கிறான். எங்கள் அப்பா குடியால் போனவர். பயமாக இருக்கிறது. இது உண்மையா?

(பெயர் வேண்டாம்), ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பி சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அதை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அமேலியா ஆரியா குழுவினர் 1,099 பேரைக் கல்லூரிக் காலத்திலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். விடாமல் எனர்ஜி டிரிங்க் குடித்துவந்தவர்களிடம் 25 வயதில் குடிநோயும் கோகெய்ன் பழக்கமும் கூடுதலாக இருந்தன. எதையும் துணிந்து செய்து பார்க்கும் சுபாவம், ஏற்கெனவே இருந்த பழக்கங்கள் இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தும் அந்தத் தொடர்பு மிஞ்சியது. அப்படியும், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் அல்ல.

என் கவலை வேறு இடத்தில். இந்தப் பானத்தில் தூக்கத்தை விரட்டுவது காஃபின், காபியில் இருக்கும் அதே பொருள். அது உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதுக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. பையன் படுத்தாலும் தூக்கம் ஒழுங்காக வராது. காலையில் அசதி, வகுப்பில் கண் சொக்கல், சாயங்காலம் மறுபடி பாட்டில். உடம்பு சோர்ந்தால் தூங்க வேண்டும், பசித்தால் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் போய், எதற்கும் ஒரு மூடியைத் திறந்தால் போதும் என்று பதினாறு வயதில் மனசு பழகிவிடுகிறது. நாளைக்குத் துக்கமோ கூச்சமோ வரும்போது அவன் கை எதைத் தேடும்? நான் பயப்படுவது அதற்குத்தான்.

அப்புறம், இரண்டையும் கலப்பது. திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் பையன்கள் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியில் குவார்ட்டரை ஊற்றிக் குலுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். காஃபின் தூக்கத்தை மட்டுமே மறைக்கும், ரத்தத்தில் இருக்கும் சாராயத்தை ஒரு துளிகூடக் குறைக்காது. ‘நான் ஸ்டெடியா இருக்கேன்’ என்று பைக் சாவியை எடுப்பான். உண்மையில் அவன் ஸ்டெடியாக இருக்க மாட்டான். காஃபின் கலந்த மதுபானங்களை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு 2010இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது சும்மா இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஆய்வைக் காட்டி மிரட்டாதீர்கள். பாட்டிலை அவன் கையில் கொடுத்து லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே அப்படிப் போடச் சொல்கிறது. காஃபின் அளவும் இருக்கும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் வளரும் பிள்ளைகளுக்குச் சொன்ன கணக்கு. தன் எடைக்கு அவனே பெருக்கிப் பார்க்கட்டும். தினமும் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் சில நாள் தலைவலி வரும், அதனால் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். டியூஷன் முடிவது எத்தனை மணிக்கு, அவன் தூங்குவது எத்தனை மணிக்கு என்றும் பாருங்கள். அதை மாற்றாமல் பாட்டிலை மட்டும் பிடுங்கிப் பயனில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி அவனிடம் பேசியிருக்கிறீர்களா? குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. எந்த எனர்ஜி டிரிங்கையும்விட அவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. தாத்தா எப்படி இறந்தார் என்பதை வெட்கப்படாமல், மறைக்காமல் நீங்களே சொல்லுங்கள். பிறத்தியார் வாயால் அவன் கேட்க வேண்டாம்.