உரப் படிவத்தில் தொடங்கலாம்

அன்புள்ள அக்கா,
கிளிநொச்சியில் இருக்கிறேன். உயர்தரம் கலைப்பிரிவில் முடித்துவிட்டு போஸ்டர், அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுக்கிறேன். செயலிகளுக்கு ப்ரொடக்ட் டிசைனர் ஆக விருப்பம். கொழும்பில் 6 மாதக் கோர்ஸ் ஒன்றுக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். கோடிங்கும் தெரியாது. காசு கட்டலாமா?
த.

அன்புள்ள த.,

இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

போஸ்டரைப் பார்ப்பவர் வாசித்தால் போதும். செயலியில் அவர் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டும். இடையில் சிக்னல் போகும், அடையாள அட்டை இலக்கம் பிழைக்கும், பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வருவார். அந்த ஒவ்வொரு நிலைக்கும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று யோசிப்பதுதான் இந்தத் தொழில். திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவை இலவசக் கணக்கிலேயே பழகலாம்.

கமநல சேவை நிலையத்தில் கமக்காரர் நிரப்பும் உரப் படிவம் ஒன்றை எடுத்து, 360 dp (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) அகலத் திரையில் வரையுங்கள். விரல் படும் இடம் 48 dpக்குக் குறையக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும். வயல் வெயிலில் மெல்லிய சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது.

பிறகு ஐந்து கமக்காரரிடம் கொடுங்கள். "நல்லாயிருக்கோ?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு "ஓம்" என்பார்கள். "ரெண்டு ஏக்கருக்கு உரம் கேளுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு விரல் எங்கே நிற்கிறது என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் குறியுங்கள். பெட்டி ஹெக்டேயரில் கேட்டால் அங்கேதான் நிற்கும்: ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 2.47 ஏக்கர், அந்தக் கணக்கை அவர் ஏன் போட வேண்டும்? திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் போங்கள்.

தமிழ்தான் உங்கள் பலம், பலர் சறுக்குவதும் அதில்தான். ஆங்கிலச் சொல்லை வைத்துப் பொத்தானின் அகலத்தைப் பூட்டிவிட்டால் "சமர்ப்பிக்கவும்" வெளியே வழியும். வரி உயரம் எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்காவது இல்லாவிட்டால் மேல்வரியின் "கு"வும் கீழ்வரியின் "கி"யும் முட்டிக்கொள்ளும். எழுத்திடைவெளியைக் கூட்டினால் சொல் சிதறும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அழைப்பிதழ் வேலை செய்பவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வேலைக்குக் கோடிங் கட்டாயமில்லை. ஆனால் இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வாசிக்கத் தெரிந்தால் டெவலப்பரோடு பாதிச் சண்டை குறையும். பட்டம்தான் வேண்டுமென்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு உளச்சார்புச் சோதனையும் எழுத வேண்டும். சான்றிதழ் போதுமென்றால் கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் கூகுளின் யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) படிப்பைப் பாருங்கள், நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

பயிற்சி வேலைக்குப் போகும்போது பத்துச் செயலிகளின் அழகான திரைகளைக் கொண்டுபோகாதீர்கள். இந்த ஒரு படிவம் போதும்: முதல் வரைவு, அது எங்கே தோற்றது, எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் எத்தனை பேர் முடித்தார்கள். "இதை ஏன் இப்படி வைத்தீர்கள்?" என்றுதான் நேர்முகத்தில் துருவுவார்கள். இந்தக் குறிப்புப் புத்தகம் கையில் இருந்தால் பதிலும் இருக்கும்.