எல்லாக் கஷ்டமும் ஒரே நேரத்தில் வந்தால் கடவுளிடம் எப்படி வேண்டுவது? வேண்டினால் ஏதாவது மாறுமா?

வேண்டினால் கடன் அடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நான் தினமும் வேண்டுகிறவள்தான்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்புக்காக அப்பா போர் போட்டார். ஆயிரம் அடி தாண்டியும் தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. அந்தக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்த வருஷம் பெங்களூரா மாங்காய்க்கு விலையும் இல்லை, பறிகூலிக்கே கட்டவில்லை. தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் வேறு. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான்.

ஆளுக்கொரு பரிகாரம் சொன்னார்கள். தேய்பிறை அஷ்டமிக்கு தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போனேன். பெங்களூரிலிருந்தெல்லாம் கூட்டம் வரும் கோயில் அது. எல்லோரையும் போல நானும் சாம்பல் பூசணியில் விளக்கேற்றிவிட்டுக் கண்ணை மூடினேன். வேண்டுதலே வரவில்லை. யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிற கணக்குதான் மனதுக்குள் ஓடியது. கூடவே கோபம். சாமி முன்னால் நின்று கோபப்படுகிறோமே என்று பயமும்.

தேவாரம் படிக்கிற என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "நல்லா திட்டு கண்ணு. சுந்தரர் திட்டாததா?" என்றார்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் சத்தியம் செய்த, தேவாரம் பாடிய சுந்தரர், அதை மீறி எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடும். திருவெண்பாக்கத்தில் சிவனிடம் முறையிட்டவருக்கு ஒரு ஊன்றுகோல்தான் கிடைக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு கண் வரும். அதற்கப்புறமும் திருவாரூரில் போய் நின்று, அடியாரைத் தவிக்க விட்டுவிட்டு நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்று பதிகமே பாடுவார். இன்னொரு கண்ணும் வரும். சத்தியத்தை மீறியது அவர், சண்டையும் அவரேதான் போட்டார்! அந்தச் சண்டையைத் தேவாரத்தில் வைத்து இன்றும் ஓதுகிறோம்.

எனக்கு இதில் கண் வந்ததைவிட ஊன்றுகோல் கிடைத்த இடம்தான் பிடிக்கும். கேட்டது கண், கிடைத்தது கோல். ஆனால் காஞ்சிபுரம் வரை நடக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அதன்பிறகு என் வேண்டுதல் சுருங்கிவிட்டது. விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி சொல்வேன். திட்ட வேண்டியிருந்தால் திட்டுவேன். கடைசியில் இன்றைக்கு என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்பேன். அசரீரி எல்லாம் கேட்டதில்லை. ஆனால் எல்லாவற்றையும் கொட்டிய பிறகு, வெட்கத்தில் தள்ளிப்போட்டிருந்த ஏதாவது ஒரு வேலை நினைவுக்கு வரும். கடன் கொடுத்தவரிடம் நேரில் போய்த் தவணை கேட்டது அப்படித்தான். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். 2021-ல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். நம் ஊரில் தொடங்கிய திட்டம் நம் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்க எனக்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது. அப்பா இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். கடன் பாதி நிற்கிறது.

ஒரு விஷயம் கறாராகச் சொல்வேன். கடன் வாங்கி நேர்த்திக்கடன் செய்யாதீர்கள். கஷ்டத்தில் இருப்பவரைப் பயமுறுத்தி, இத்தனை ஆயிரம் கட்டினால் தோஷம் போகும் என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பைரவருக்குப் பணம் அனுப்ப யாருடைய ஜிபேயும் தேவையில்லை.

இருந்து என்ன பயன் என்கிற அளவுக்கு மனம் போகிறது என்றால், வேண்டிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டாம், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். அரசு நடத்துவது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.