இசைக் கேள்வி பதில்: தோடியும் சாக்ஸபோனும்

எங்கள் ஊர்க் கோயில் விழாவில் சாக்ஸபோன் கச்சேரி நடந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “பேண்டு வாத்தியத்துல தோடியா?” என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து போனார். பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். இரண்டுமே எனக்கு உறுத்தலாக இருந்தது. யார் பக்கம் நியாயம்?
— வாசகி, மன்னார்குடி

அந்தப் பெரியவரின் கேள்வி நல்ல கேள்வி அம்மா. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, அசைக்காமல் நேராக வாசித்தால் அங்கே தோடி இல்லை. கட்டையை அழுத்தினால் ஒரே ஸ்வரம் பேசும் ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்தது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. வயலினும் கடல் தாண்டி வந்ததுதான். ஆனால் அதில் வீணையில் இருப்பதுபோல் மெட்டு கிடையாது, விரல் தாராளமாக வழுக்கிப் போகும். அதனால் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் உள்ளே வந்தது, நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. சாக்ஸபோனுக்கு அந்த வசதி இல்லை. அடோல்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிசில் காப்புரிமை வாங்கிய கருவி அது. துளைகளை விரல் தொடாது. சாவியை அழுத்தினால் மூடி போய்த் துளையை அடைக்கும். அப்படிப்பட்ட கருவியில் தோடியா என்று ஒருவர் சந்தேகப்பட்டால் அவருக்குச் சங்கீதம் தெரியும் என்றுதான் அர்த்தம்.

பெரியவர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம். காந்தாரம் அசைந்ததா, இல்லையா? அதைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மங்களூர்ப் பக்கத்துக்காரர். அப்பா நாகஸ்வர வித்வான், பிள்ளைக்கும் முதல் பாடம் நாகஸ்வரம்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன் மேல் ஆசைப்பட்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கற்றார். அப்புறம் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் வந்து சேர்ந்தார். அதாவது, வாய்ப்பாட்டும் மிருதங்கமும் தெரிந்த ஒருவர் அவருக்கு இந்த வாத்தியத்தில் வழிகாட்டினார். நாகஸ்வரம் காதில் இருந்தது, பாட்டு மனதில் இருந்தது. கருவி இரண்டுக்கும் பணிந்துதான் ஆகவேண்டும். பல வருடப் பாடு அது. 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் இவர் வாசித்ததைக் கேட்டு, தானும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டார். வாத்தியத்தின் உள்ளும் புறமும் தெரிந்த ஒரு காது கொடுத்த சான்றிதழ் அது. 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் பிராம்ஸ் இசை விழா மேடை வரை அவர் போனார்.

விசில் அடித்த பையன்களை விட்டுவிடுங்கள். வந்தார்களே!

சாவி வைத்த கருவியில் கமகம் எப்படித்தான் வருகிறது? நான் கிளாரினெட் கற்றுக்கொண்டிருக்கிறேன், எனக்கே புரியவில்லை.
— கல்லூரி மாணவர், திருச்சி

உதட்டில் வருகிறது, தம்பி. ஊதுமுனையில் ஒற்றை நாணல் தகடு இருக்கிறது இல்லையா, அதைக் கவ்வும் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் ஸ்வரம் கீழே சாயும், இறுக்கினால் மேலே ஏறும். இதோடு விரல் சாவியை மெதுவாகத் திறந்து மூடும். மேல்நாட்டுப் பயிற்சியில் ஸ்வரங்களைப் பிரித்துக் காட்ட நாக்கால் தட்டுவார்கள். நம் வாசிப்பில் அதை மிகவும் குறைத்து, ஒரே மூச்சில் ஸ்வரங்களை இழைக்க வேண்டும். நாகஸ்வரத்திலோ விரலே துளையைப் பாதி மூடும், கொறுக்கைச் சீவாளி மூச்சின் சின்ன மாற்றத்துக்கும் வளையும். எனக்கு நாகஸ்வரம்தான் உயிர், கும்பகோணம் பக்கத்து ஆள் வேறு. அந்தப் பிடிப்போடு கேட்டும் சொல்கிறேன்: நல்ல கையில் சாக்ஸபோன் சஹானா ராகம் வாசித்தால் கண் கலங்கிவிடுகிறது.

கதனகுதூஹலத்தில் ‘ரகுவம்ச சுதா’ போன்றவை இந்த வாத்தியத்தில் சுலபமாக ஜொலிக்கும். அந்த ராகத்தின் நடையே அப்படி. கைதட்டலும் பிய்த்துக்கொண்டு போகும். வாசிப்பவரின் நிஜமான தரம் தெரிய வேண்டுமானால் விளம்ப கால ஆலாபனையில், அதாவது ராகத்தை மெதுவாக விரிக்கும் இடத்தில், காது வையுங்கள். உங்கள் கிளாரினெட்டுக்கு ஏ. கே. சி. நடராஜன் பதிவுகளை விடாமல் கேளுங்கள். திருச்சிக்காரராக இருந்துகொண்டு அவரைக் கேட்காமல் இருக்கலாமா?

ஒரே ஸ்வரத்தைக் கார்வையாக நீளமாக நிறுத்தியதும் அரங்கமே கைதட்டியது. அப்போது தட்டலாமா?
— வாசகர், சேலம்

முடிந்த பிறகு தட்டுங்கள். நடுவில் தட்டினால் அந்தக் கார்வை ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தில் எப்படி வந்து அமர்ந்தது என்பது யார் காதிலும் விழாது. மூச்சைப் பிடிப்பது உடற்பயிற்சி, ஸ்ருதி இம்மியும் விலகாமல் பிடிப்பது சங்கீதம்.

‘டூயட்’ படப் பாட்டு வாசிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு அனுப்பினேன். பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். தப்பா?
— வாசகி, ஈரோடு

தப்பே இல்லை. 1994-ல் வந்த அந்தப் படத்துக்கு வாசித்தவரே கத்ரிதான். அதைக் கேட்டுவிட்டு சபா பக்கம் வந்தவர்களை எனக்குத் தெரியும். தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் முடிந்து, கடைசியில் துக்கடா என்கிற சின்ன உருப்படிகள் வரும்போது சீட்டு போகட்டும். தொடக்கத்தில் வாசிக்கும் வர்ணம் முடிவதற்குள் அனுப்பினால் முறைப்பு நியாயம்.

சாக்ஸபோன் கச்சேரியில் சத்தம் காதைத் துளைக்கிறது. வயலின் கேட்கவே இல்லை. இது வாத்தியத்தின் குறையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

மைக்கின் குறை. சின்ன மண்டபத்தில் சாக்ஸபோனுக்கு மைக்கே தேவையில்லை, பித்தளைக் குழாய் தானே பேசிக்கொள்ளும். பக்கவாத்தியங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். கத்ரியோடு ஏ. கன்யாகுமரி வயலின் வாசித்த பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று அமுக்காமல் பேசுகின்றன. அடுத்த முறை சவுண்ட் சர்வீஸ் பையனிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கச்சேரி தொடங்கி முதல் பத்து நிமிடத்துக்குள் சொன்னால் திருத்துவார்கள். கேட்பவர்கள் மரியாதைக்காகச் சும்மா இருப்பதால்தான் பாதிக் கச்சேரிகள் கெடுகின்றன.

பத்து வயது மகள் சாக்ஸபோன் கற்க ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா?
— வாசகி, ஓசூர்

தாராளமாக. ஆனால் முதலில் ஒரு வருடம் பாட்டு வகுப்பு. ஸரளி வரிசை, அலங்காரம், கீதம் வாயில் வரட்டும். ஆல்டோ சாக்ஸபோன் சுமார் 2.5 கிலோ எடை இருக்கும், கழுத்துப் பட்டையில் தொங்கும். அதைத் தாங்கும் தோளும் அதற்குள் வந்துவிடும். கடலோரக் கர்நாடகத்தில் கல்யாணங்களிலும் கோயில்களிலும் சாக்ஸபோனே மங்கள வாத்தியமாக ஒலிக்கிறது. வாய்ப்பு கிடைத்தால் மகளை ஒருமுறை மங்களூர்ப் பக்கம் அழைத்துப்போய்க் கேட்கச் செய்யுங்கள். கருவியை உடனே விலைக்கு வாங்க வேண்டாம், ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.