டாக்டர் படிப்பும் மேடைப் பேச்சும்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம்.

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் பேச்சுப் போட்டி, மாணவர் மன்றம் என்று அலைகிறாள், "டாக்டராகி எம்.எல்.ஏ. ஆவேன்" என்கிறாள், படிப்பு கெட்டுவிடுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் பேச்சைப் படிப்புக்குப் பகையாகப் பார்க்காதீர்கள்.

மார்த்தா ஹியூஸ் கேனன் என்று ஒரு டாக்டர். 1857-ல் வேல்ஸில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் யூட்டாவுக்குப் போனவர். போய்ச் சேர்ந்த சில நாளில் அப்பா இறந்துவிட்டார். யூட்டா அப்போது மாநிலமாகக்கூட ஆகாத எல்லைப்புறப் பிரதேசம். 14 வயதில் பள்ளியில் பாடம் நடத்தினார், அப்புறம் செய்தித்தாளுக்கு அச்சுக் கோத்தார். அந்தச் சம்பளத்தைச் சேர்த்துத்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1880-ல் பட்டம் வாங்கினார்.

உடனே கிளினிக் திறந்து உட்கார்ந்துவிடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் போனார். கூடவே பிலடெல்ஃபியாவில் பேச்சுக்கலைப் பள்ளி ஒன்றிலும் சேர்ந்தார். 1882-ல் இரண்டையும் முடித்தார். உங்கள் மகளிடம் நீங்கள் வீண் என்று நினைக்கிற அதே விஷயத்துக்கு இவர் பணம் கட்டிப் படித்திருக்கிறார்!

1896-ல் யூட்டா மாநிலமானது. அதே ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று, அமெரிக்காவிலேயே மாநில செனட்டுக்கு (மாநிலச் சட்டமன்றத்தின் மேலவைக்கு) தேர்வான முதல் பெண் ஆனார். எதிர்க்கட்சிப் பட்டியலில் நின்று தோற்றவர்களில் அவர் கணவரும் ஒருவர். (அன்று ராத்திரி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!) செனட்டில் அவர் கொண்டுவந்த சட்டங்களைப் பாருங்கள்: மாநிலச் சுகாதார வாரியம், வேலை செய்யும் பெண்கள் உட்கார முதலாளி இருக்கை தர வேண்டும் என்ற விதி, காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி. நாள் முழுக்க நின்றால் உடம்பு என்ன ஆகும் என்று ஒரு டாக்டருக்குச் சொல்லியா தர வேண்டும்?

அவர் வாழ்க்கையை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. பலதார மணத்தில் நான்காவது மனைவி அவர். அதற்கு எதிரான வழக்குகளில் சாட்சி சொல்ல வேண்டி வருமே என்று, கைக்குழந்தையோடு ஐரோப்பாவில் இரண்டு வருடம் ஒளிந்திருந்தார். மருத்துவத் தொழிலும் அதனால் தடைபட்டது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25 வயது ஆக வேண்டும். நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் முடியும்போது அவளுக்கு 23 அல்லது 24 இருக்கும். ஆக, படிப்பை விட்டுவிட்டு ஓட அவசரமே இல்லை. பல்கலைக்கழகத் தேர்வில் அரியர் வைக்காதவரை மேடையைத் தடுக்காதீர்கள். அப்புறம் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. படிக்கலாமா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கலாமா என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அரசு டாக்டராகச் சேர்ந்தால், தேர்தலில் நிற்க அந்த வேலையை ராஜினாமா செய்ய வேண்டியிருக்கும். அதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.