பழைய ஹெச்ஓ (1:87 அளவு) மாடல் ரயில் இன்ஜினுக்கு டிஜிட்டல் சவுண்ட் போடலாமா?

உங்ககிட்ட இருக்கற பழைய அத்தேர்ன் கம்பெனி ப்ளூ பாக்ஸ் வரிசை எஸ்டி40-2 மாடல் டீசல் இன்ஜினுக்கு டிசிசி (தண்டவாளம் வழியா டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டற முறை) சவுண்ட் போட முடியுமா, செலவுக்குத் தகுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா முடியும். செலவுன்னு பார்த்தா தகாது, நல்ல சவுண்ட் டிகோடர் (அந்தக் கட்டளையை வாங்கி மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கற குட்டி சர்க்யூட்) ஒண்ணே 100 டாலரை ஒட்டி வந்துடும், இன்ஜினை செகண்ட் ஹேண்ட்ல அதுல பாதிக்கே வாங்கிடலாம். ஆனா ஆசைக்கு யாரு கணக்கு பார்க்கறா, நானும் பழசுக்குத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்.

எல்லாரும் டிகோடர்ல லோக்சவுண்ட் பிராண்டா சுனாமி பிராண்டான்னுதான் மண்டையை உடைச்சுக்கறாங்க, என்னைக் கேட்டா அதெல்லாம் அப்புறம். முதல்ல சாதா டிசி பவர்ல வண்டி திக்காம மெதுவா ஓடுதான்னு பாருங்க. ஓடலைன்னா சக்கரம், கம்யூட்டேட்டரை (மோட்டார்ல பிரஷ் உரசற செம்பு வளையம்) துடைச்சு காய்ஞ்சு போன கிரீஸை வழிச்சு எடுங்க, ஏன்னா அழுக்கு தண்டவாளத்துல கண் சிமிட்டற நேரம் கரண்ட் விட்டுப்போனா இப்போ வண்டி லேசா குலுங்கும், அவ்ளோதான், சவுண்ட் போட்ட பிறகு அதே எடத்துல சத்தமும் டக்குனு அறுந்து போகும், கேக்க சகிக்காது. கரண்ட் விட்டுப்போற நேரத்துக்குத் தேக்கி வெச்சுக் கொடுக்கற கீப் அலைவ் கெப்பாசிட்டர் போட்டா சமாளிக்கும், ஆனா துடைக்கற வேலைக்கு அது மாத்து இல்ல.

அப்புறம் 12 வோல்ட் கொடுத்து, ஃப்ளைவீலை (மோட்டார் தண்டுல இருக்கற கனமான உருளை) விரலால ஒரு செகண்ட் பிடிச்சு நிறுத்தி, மோட்டார் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு மல்டிமீட்டர்ல பாருங்க. பழைய மோட்டார் சிலது 1 ஆம்பியரை அசால்ட்டா தாண்டும், டிகோடர் அதைத் தாங்கற மாதிரி வாங்கணும், இல்லன்னா மோட்டாரை மாத்திடறது உத்தமம்.

உசிரே போற எடம் இதுதான்: மோட்டாரை சேசிஸ்ல (அடிச்சட்டம்) இருந்து கரண்ட் தொடர்பு இல்லாம பிரிக்கறது. இந்த மாடல்ல ஒரு பக்க தண்டவாள கரண்ட் போகி (சக்கரங்களைத் தாங்கற சட்டம்) வழியா மெட்டல் சேசிஸுக்கே வந்துடும், இன்னொரு பக்கம் மேல நீளமா ஓடற தகட்டுப் பட்டை வழியா மோட்டாரோட மேல் கிளிப்புக்கு வரும். மோட்டாரைக் கழட்டித் திருப்பிப் பார்த்தா கீழ் கிளிப்புல ரெண்டு குட்டி நாக்கு துருத்திக்கிட்டு சேசிஸைத் தொட்டுக்கிட்டு இருக்கும். அதை வெட்டிடுங்க, அடியில சூடு தாங்கற கேப்டான் டேப் ஒட்டுங்க, கருப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் வேணாம், சூட்டுல பசை உருகி கொழகொழன்னு ஆகிடும். மேல் பட்டையையும் தூக்கிடுங்க. அப்புறம் டிகோடரோட ஆரஞ்சு, சாம்பல் வயரை ரெண்டு கிளிப்புலயும் சால்டர் பண்ணுங்க, சிவப்பும் கருப்பும் தண்டவாள கரண்ட் வர்ற எடத்துக்கு. டிகோடரை இணைக்கறதுக்கு முன்னாடி மோட்டார் கிளிப் ஒவ்வொண்ணுக்கும் சேசிஸ், சக்கரம் எல்லாத்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க. பீப் கேட்டா நிறுத்திடுங்க, அப்படியே கரண்ட் கொடுத்தா டிகோடர் புகைஞ்சுடும். முதல் டெஸ்ட்டும் ப்ரோகிராமிங் டிராக்லதான் (டிகோடர் செட்டிங் மாத்தறதுக்குன்னு தனியா இருக்கற தண்டவாளம்), அங்க கரண்ட் கம்மியா வர்றதால தப்பு இருந்தாலும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். புது டிகோடரோட அட்ரஸ், அதாவது வண்டியைக் கூப்பிடற நம்பர், 3ல இருக்கும்.

ஸ்பீக்கருக்கு சுகர் க்யூப்ங்கற குட்டி சதுர ஸ்பீக்கரே போதும், ஆனா பின்னாடி டப்பாவை காத்து கசியாம ஒட்டணும். ஸ்பீக்கரோட முன்பக்க சத்தத்தை பின்பக்க சத்தமே அடிச்சுத் தின்னுடும், டப்பா இல்லன்னா கொசு கத்தற மாதிரிதான் இருக்கும். காசு பத்தலன்னா விலை கம்மி டிகோடர் வாங்கிட்டு இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

சவுண்ட் ஃபைல் எடுக்கும்போது இஎம்டி கம்பெனியோட 645 டர்போ டீசல் இன்ஜின் சத்தத்தை எடுங்க, நிஜ எஸ்டி40-2ல 16 சிலிண்டர் 645தான். நம்ம ஊர் டபிள்யூடிஎம்-2 டீசல் ரயில் இன்ஜின் சத்தம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது கொஞ்சம் சப்புன்னு இருக்கும், அதுல இருக்கறது ஆல்கோ கம்பெனியோட 251 இன்ஜின், அந்த கடமுட சத்தம் வேணும்னா ஆல்கோ பாடி வாங்கி தனியா ஒண்ணு பண்ணிக்கோங்க. வால்யூமை கொறைக்க மறக்காதீங்க, லோக்சவுண்ட்ல அதுக்கு சிவி 63 (சிவின்னா டிகோடர் செட்டிங் நம்பர்), நான் பாதிக்கும் கீழதான் வெப்பேன், நாலு இன்ஜின் ஒண்ணா நின்னா ரூமுக்குள்ள பேசவே முடியாது.